ஆண் ஹார்மோன் இனப்பெருக்க உறுப்புல மட்டும்தான் வேலை செய்யுதா?

ஆண் ஹார்மோன்னா முக்கியமா டெஸ்டோஸ்டிரோன், விரையில உருவாகி ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்க சுத்துது, அத ஏத்துக்குற ரிசெப்டர் எந்த செல்லுல இருக்கோ அங்கெல்லாம் அதோட வேலை நடக்கும். ஸ்பீக்கர்ல ஒரே அறிவிப்பு, கேக்குறவங்க அவங்கவங்க வேலைய பாக்குற மாதிரி. தசை பெருக்கும், குரல் நாண் தடிச்சு குரல் உடையும், ரத்தத்துல சிவப்பணு கூடும் (டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுறவங்களுக்கு ரத்தம் டெஸ்ட் பண்றதுக்கு இதுவும் ஒரு காரணம்). எலும்புல ஒரு கூத்து, இது கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனா, அதாவது பெண் ஹார்மோனா மாறித்தான் எலும்ப பெரும்பாலும் காப்பாத்துது! முடி இன்னும் வேடிக்கை, டெஸ்டோஸ்டிரோன்லேருந்து வர்ற டிஎச்டிங்கிற இன்னொரு ஆண் ஹார்மோன் தாடிய வளக்கும், அதுவே உச்சந்தலையில முடி வேர சுருக்கிடும்.

வழுக்கைன்னா ஆண் ஹார்மோன் ஜாஸ்தின்னு சொல்வாங்க, அப்படி இல்ல, அளவு பெரும்பாலும் நார்மலாத்தான் இருக்கும், பரம்பரையா அந்த முடி வேர் அதுக்கு ரொம்ப சென்சிட்டிவ், அவ்ளோதான்.