பதில்: நீதிபதியை ஜனாதிபதி தன் விருப்பப்படி நியமிக்கலாமா?

அக்கா, உங்கள் மகன் சாட்ஸ்வொர்த் தமிழ் வகுப்பில் பேசப்போகும் உரைக்காகக் கேட்டிருந்தீர்கள்: தென்னாப்பிரிக்காவின் உச்ச அமைப்பான அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு நீதிபதி ஜோடி கொல்லாப்பனை ஜனாதிபதி நேராக நியமித்தாரா, நீதிச் சேவை ஆணைக்குழு தேர்ந்தெடுத்ததா என்று. இரண்டும் பாதி சரி.

அந்த நீதிமன்றத்தில் 11 நீதிபதிகள். இடம் காலியானால் நீதிச் சேவை ஆணைக்குழு பொதுவெளியில் நேர்காணல் நடத்தி, காலியிடங்களைவிட மூன்று பெயர் கூடுதலாகப் பட்டியல் தரவேண்டும். ஓர் இடத்துக்கு நான்கு பெயர். தலைமை நீதிபதியையும் நாடாளுமன்றக் கட்சித் தலைவர்களையும் கலந்துகொண்டு, அதிலிருந்துதான் ஜனாதிபதி எடுக்கமுடியும். பிடிக்காவிட்டால் காரணம் சொல்லிக் கூடுதல் பெயர் கேட்கலாம். தலைமை நீதிபதிக்கும் துணைத் தலைமை நீதிபதிக்கும் மட்டும் இந்தப் பட்டியல் கிடையாது. ஆணைக்குழுவையும் கட்சித் தலைவர்களையும் கலந்துகொண்டு ஜனாதிபதியே நியமிக்கிறார்.

2021 ஏப்ரலில் நடந்த நேர்காணல்கள், அவற்றை எதிர்த்து வந்த வழக்குக்குப் பிறகு அக்டோபரில் திரும்ப நடந்தன. அப்புறம்தான் கொல்லாப்பனும் இன்னொரு நீதிபதியான மத்தோப்போவும் 2022 ஜனவரி 1 முதல் பதவிக்கு வந்தார்கள். தம்பி இதைக் கட்டாயம் சொல்லட்டும். நம் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொல்லாப்பன் என்ற பெயர் தெரியவேண்டும், அவர் அந்தப் பதவிக்கு எப்படி வந்தார் என்பதும் தெரியவேண்டும். நேர்காணல் காணொளிகள் யூடியூபில் இருக்கின்றன, ஒன்றையாவது அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.