வளையல் சேராத கை

அன்புள்ள அக்கா,

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கறுப்பு, கொஞ்சம் பருமன். போன மாசம் சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்பில் இவளுக்கும் வளையல் போட்டார்கள், ஒன்றும் ஏறவில்லை. "இது கையா, உலக்கையா?" என்று என் நாத்தனார் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து மகள் ராத்திரி சாப்பிடுவதில்லை. ஜிம்மில் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 28 என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் மாமியாரோ, "கறுப்பும் குண்டும் என்னைக்கு அழகா இருந்துச்சு?" என்கிறார். அது உண்மைதானா? ஏழாம் வகுப்பிலேயே அவளுக்குச் சிவப்பழகு க்ரீம் வாங்கிக் கொடுத்தவள் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாய், பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியார் சொன்னது சரியில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வளையல் என்று படித்ததும் என் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. புகுந்த வீட்டிலிருந்து அத்தைமார் யார் வந்தாலும், பையைக் கீழே வைப்பதற்குள் ஆச்சி கையைப் பிடித்து வளையலை மேலே தள்ளிப் பார்ப்பாள். அது தடையில்லாமல் முழங்கை வரை ஓடினால் போச்சு. "ஏட்டி, அங்க சோறு போடுதாவளா இல்லியா?" என்று கண் கலங்கிவிடும்.

சங்கப் பாட்டிலும் இதேதான். தலைவனைப் பிரிந்தவளுக்கு வளை நெகிழ்ந்து கழன்று விழும். மேனியில் பசலை படர்ந்து நிறம் வெளிறும். குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியார் பசலைக்குப் பறிகொடுத்து வருந்துவது தன் மாமைக் கவினை. மாமை, மாந்தளிரின் நிறம். இன்று உங்கள் மகளிடம் காசுக்கு விற்கிறார்களே வெளுப்பும் மெலிவும், அந்தப் பாட்டுகளில் இரண்டுமே நோயின் அடையாளம். நம் புலவர்கள் நுண்ணிடையை ஓயாமல் பாடியதும் உண்மைதான். நிறத்தையும் சாதியையும் சேர்த்துப் பார்க்கிற புத்தியும் நம்மிடம் உண்டு. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டமாட்டேன்.

ஆனால் உடம்பை அளந்து, கறுப்பைக் கீழ்ப்படியில் வைத்து, அதற்கு அறிவியல் என்று பெயர் போட்டது ஐரோப்பாதான். 1795இல் ப்ளூமன்பாக் என்ற ஜெர்மானியர் வெள்ளையருக்குக் காக்கேசியர் என்று பெயர் வைத்தார். அவரிடம் இருந்த, காக்கசஸ் மலைப்பக்கத்து ஜார்ஜியப் பெண் ஒருத்தியின் மண்டையோடு அவர் கண்ணுக்கு அத்தனை அழகாம்! 1810இல் தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்துச் சாரா பார்ட்மனை லண்டனுக்குக் கொண்டுபோய், அவளுடைய பருத்த பின்புறத்தைக் காசு வாங்கிக் காட்டினார்கள். அப்போது அவளுக்கு ஏறக்குறைய உங்கள் மகள் வயசுதான். 1815இல் பாரிசில் செத்துப் போனாள். அப்போதாவது விட்டார்களா? குவியே என்ற பெரிய விஞ்ஞானி உடலை அறுத்து ஆராய்ந்தார். 1970கள் வரை அவள் எலும்புக்கூடு பாரிசில் காட்சிக்கு நின்றது. சொந்த மண்ணில் அவளை அடக்கம் செய்தது 2002இல்.

அந்த அளவுகோல் இங்கேயும் வந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ரிஸ்லி, மூக்கின் அகலம் கூடக் கூடச் சாதி கீழே இறங்கும் என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். திருச்செந்தூர் போகும் வழியில் ஆதிச்சநல்லூர் பரம்பு இருக்கிறதே, அங்கே பழங்காலத்தில் தாழிக்குள் புதைக்கப்பட்டுக் கிடந்தவர்களையும் விடவில்லை. மண்டையோட்டை அளந்து இவர்கள் எந்த இனம் என்று தேடினார்கள்.

பிஎம்ஐ கதையும் கேளுங்கள். 1830களில் பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லே, 'சராசரி மனிதன்' யார் என்று தேடி ஐரோப்பியர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அவர் மருத்துவரே இல்லை. 1998இல் அமெரிக்காவில், அதிக எடை என்று சொல்லும் பிஎம்ஐ எல்லையை 25க்கு இறக்கினார்கள். ஒரு கிலோகூடக் கூடாமலே இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதிக எடைக்காரர்கள் ஆனார்கள்.

அதற்காக அந்தச் சீட்டைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால், ஆசியர்கள் 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்ல டாக்டரிடம் கூட்டிப்போய் சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாம் பாருங்கள். அது உடம்புக்காக. நாத்தனார் சிரித்ததற்காகப் பிள்ளை ராத்திரிப் பட்டினி கிடக்க வேண்டாம், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள்.

க்ரீம் வாங்கிக் கொடுத்ததை நீங்களே எழுதியதில் உங்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியிருக்கிறது. என்னிடம் சொன்ன மாதிரியே அவளிடமும் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் டவுன் ரதவீதிக்கு அவளோடு ஒரு நடை போய்வாருங்கள். கண்ணாடி வளையலில் ரெண்டு எட்டு சேரவில்லை என்றால் ரெண்டு பத்து இருக்கிறது. அவள் கேட்கத் தயங்கினால் நீங்கள் சத்தமாகக் கேளுங்கள்.