யூஎஸ்பிகார்ட் பென் டிரைவையும் கீபோர்டையும் தடுக்கிறது, நீக்கிவிடலாமா?

கேள்வி: வீட்டில் வேலை பார்க்கும் கணினியில் ஃபெடோரா லினக்ஸ் வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்காக, அனுமதித்த யூஎஸ்பி சாதனங்களை மட்டும் ஓடவிடும் யூஎஸ்பிகார்ட் மென்பொருளை நிறுவி, அப்போது செருகியிருந்த சாதனங்களுக்கு விதிகளை உருவாக்கிக்கொண்டேன். இப்போது புது பென் டிரைவ் செருகினால் எதுவுமே வருவதில்லை. மேசையை நகர்த்தும்போது கீபோர்டைப் பின்பக்க போர்ட்டுக்கு மாற்றினேன், அதுவும் நின்றுவிட்டது. பழைய போர்ட்டில் செருகினால் ஓடுகிறது. இந்த மென்பொருளை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம். பென் டிரைவின் ஃபர்ம்வேரை (சாதனத்தை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை) மாற்றி எழுதினால் அது தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். 2014 பிளாக் ஹாட் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் இருவரும் இதைச் செய்தே காட்டினார்கள். ஆன்டிவைரஸ் பென் டிரைவில் உள்ள கோப்புகளைத்தான் பார்க்கும், ஃபர்ம்வேரைப் பார்க்காது. அதனால்தான் யூஎஸ்பிகார்ட் போன்ற காவல் தேவைப்படுகிறது.

முதலில் பென் டிரைவ். தடுப்பது யூஎஸ்பிகார்ட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டெர்மினலில் 'எல்எஸ்யூஎஸ்பி' கொடுங்கள். பட்டியலில் பென் டிரைவே இல்லையென்றால் கேபிள், போர்ட் பழுதாக இருக்கலாம், அல்லது 'ரிஜெக்ட்' விதி ஏதாவது அதை அடியோடு விலக்கியிருக்கலாம். பட்டியலில் இருந்தும், வட்டுகளைக் காட்டும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் வரவில்லையென்றால், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில் 'டிவைஸ் இஸ் நாட் ஆதரைஸ்டு ஃபார் யூசேஜ்' என்ற வரியைத் தேடுங்கள். அது இருந்தால் சாதனத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று அர்த்தம், உங்கள் கணினியில் அது யூஎஸ்பிகார்டின் வேலைதான். அந்த வரி இல்லையென்றால் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் பென் டிரைவ்களை இயக்கும் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் மாட்யூலையே யாராவது முடக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பாதுகாப்பை இறுக்கும் ஸ்கிரிப்ட்கள் பல இதைச் செய்துவிடும்.

அடுத்து, 'சூடோ யூஎஸ்பிகார்ட் லிஸ்ட்-டிவைசஸ் --பிளாக்டு'. சூடோ (நிர்வாகி அதிகாரம்) இல்லாமல் ஓட்டினால் பெரும்பாலும் இணைப்புப் பிழைதான் வரும். இப்படி ஒரு வரி கிடைக்கும்:

12: பிளாக் ஐடி 0781:5567 நேம் "குரூசர் பிளேட்" … வித்-இன்டர்ஃபேஸ் 08:06:50

கடைசி எண்ணைக் கண்டிப்பாகப் பாருங்கள். அதன் தொடக்கம் 08 என்றால் சேமிப்புச் சாதனம், 03 என்றால் கீபோர்டு, மவுஸ் வகை. சாதாரணப் பென் டிரைவ் 08-ஐ மட்டும்தான் காட்ட வேண்டும். கூடவே 03:01:01 என்றும் இருந்தால் அது தன்னைக் கீபோர்டு என்றும் சொல்லிக்கொள்கிறது. அதை அனுமதிக்காமல் கழற்றிவிடுங்கள்.

எல்லாம் சரி என்றால் 'சூடோ யூஎஸ்பிகார்ட் அலவ்-டிவைஸ் 12' (அந்த வரியின் தொடக்கத்தில் உங்களுக்கு வந்த எண்). இது கழற்றும்வரைதான் செல்லும், மறுபடி செருகினால் 12 என்ற எண்ணும் மாறியிருக்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால் '-பி' (பெர்மனன்ட் என்பதன் முதல் எழுத்து) சேர்த்துக் கொடுங்கள். யாரோ கொண்டுவந்து ஒருமுறை செருகும் பென் டிரைவுக்கு நிரந்தர அனுமதி தேவையே இல்லை.

இப்போது கீபோர்டு. பழைய போர்ட்டில் மட்டும் ஓடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. விலை குறைந்த கீபோர்டு, மவுஸ் பலவற்றில் சீரியல் எண் கிடையாது. அப்படிப்பட்ட சாதனத்துக்கு, விதிகளை உருவாக்கும் 'ஜெனரேட்-பாலிசி' கட்டளை விதி எழுதும்போது 'வயா-போர்ட்' என்று போர்ட்டையும் சேர்த்தே எழுதிவிடும். ஒரே மாடல் கீபோர்டுகளை யூஎஸ்பிகார்டால் பிரித்தறிய முடியாது, எனவே இந்த இடத்தில் இருப்பதுதான் உங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறது. இடம் மாறினால் விதி பொருந்தாது. விதி பொருந்தாததைத் தடுப்பதுதான் இயல்பான அமைப்பு.

விதிகள் இருக்கும் ரூல்ஸ்.கான்ஃப் கோப்பில் அந்தக் கீபோர்டின் வரியைத் திறந்து, 'வயா-போர்ட்', 'பேரன்ட்-ஹாஷ்' இரண்டையும் அவற்றின் மதிப்புகளோடு நீக்குங்கள். பேரன்ட்-ஹாஷ் என்பது சாதனம் எந்த ஹப்பின் கீழ் இருக்கிறது என்பதைக் குறிக்கிறது, போர்ட்டை மாற்றும்போது அதுவும் மாறக்கூடும். ஐடி, நேம், ஹாஷ், வித்-இன்டர்ஃபேஸ் நான்கையும் தொடாதீர்கள். இதனால் அதே மாடல் கீபோர்டு எந்த போர்ட்டில் வந்தாலும் அனுமதி கிடைக்கும். வீட்டுக் கணினிக்கு இது ஏற்கத்தக்க விட்டுக்கொடுத்தல்தான், பொது இடத்தில் வைக்கும் கணினியில் இப்படிச் செய்ய மாட்டேன். கோப்பின் அனுமதி 0600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆகவே இருக்கட்டும், தளர்ந்திருந்தால் யூஎஸ்பிகார்ட் சேவை தொடங்க மறுக்கும். அப்புறம் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

திரை பூட்டியிருக்கும்போது மட்டும் சாதனங்கள் தடுக்கப்பட்டால் விதிகளைத் தோண்ட வேண்டாம். க்னோம் டெஸ்க்டாப்பில் 'யூஎஸ்பி-ப்ரொடெக்‌ஷன்' என்று தனி அமைப்பு இருக்கிறது, அதைப் பாருங்கள்.

விதியைத் திருத்தும்போது தவறிப்போய்க் கீபோர்டு, மவுஸ் இரண்டுமே பூட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். கணினியை மறுபடி இயக்கி, எஸ்கேப் விசையைத் தட்டி, லினக்ஸ் தொடங்குமுன் வரும் க்ரப் மெனுவுக்குப் போங்கள். யூஎஸ்பிகார்ட் அப்போது ஓடாது, கீபோர்டு வேலை செய்யும். ஆங்கில 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'சிஸ்டம்டி.மாஸ்க்=யூஎஸ்பிகார்ட்.சர்வீஸ்' என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுங்கள். அந்த ஒரு தடவை மட்டும் சேவை தொடங்காது. உள்ளே போய் விதியைச் சரிசெய்துவிட்டு வழக்கம்போல் மறுதொடக்கம் செய்யுங்கள்.