மழைக்குத் துளுத்த சோளத்த மாட்டுக்கு உடலாமா?

மூலனூர் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்காருங்க. ஏழு ஏக்கர் கொறங்காடு (வேலி கட்டுன மேய்ச்சக்காடு), காங்கேயம் பசு நாலு, கெடேரி ரெண்டு, காளைக்கன்னு ஒண்ணு. கொறங்காட்ட ஒட்டுனாப்ல ஒரு ஏக்கர் தீவனச்சோளம் வெதச்சிருந்தாரு, முழங்கால் ஒசரம் வந்தப்ப மழை நின்னுபோயி இருவது நாள் வெயில்ல சுருண்டு கெடந்துச்சு, பொறகு ஒரு நல்ல மழை, நாலே நாள்ல பச்சப்பசேல்னு துளுத்துருச்சு. கிளுவ வேலியில இருந்த சந்து வழியா மாடுக பூந்து மேஞ்சதுல அரைமணி நேரத்துக்குள்ள ஒரு பசு விழுந்து செத்துப்போச்சு, மத்ததுக ஒண்ணுமாகாம நிக்குது. "ஊர்ல பாம்பு கடிங்கறாங்க, எனக்கென்னமோ சோளத்து மேலதான் சந்தேகம், மிச்சத்த உழுது போட்டறட்டுங்களா?"ன்னு கேக்கறாரு.

உழுகாதீங்க தம்பி. அந்தச் சோளம் கொஞ்ச நாளைக்குத்தான் வெஷம், அப்பறம் நல்ல தீவனம்தான்.

நேர்ல பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நீங்க சொன்னத வச்சுப் பாத்தா நெம்ப சோள நஞ்சு மாதிரிதான் இருக்குது. எளஞ்சோளத்துல துரின்னு ஒரு சத்து இருக்குதுங்க, அது சும்மா இருக்கறவரைக்கும் ஒண்ணுமில்ல, மாடு மென்னு நசுக்குன உடனே அது ஒடஞ்சு சயனைடா மாறும், மாட்டோட பெரு வயித்துல இருக்கற நுண்ணுயிரிக அத இன்னும் வேகமா ஒடச்சு உடும். துளுரு எளசா இருக்க இருக்க எச்சு, தண்டவிட எலையில எச்சு, வெயில்ல வாடி மழைக்குத் திரும்பத் துளுத்ததுலயும் அறுத்த கட்டையில வர்ற மறுதாம்புலயும் எல்லாத்தவிட எச்சு. யூரியா போட்டிருந்தா இன்னும் ஏறும். உங்க காட்டுல இதுல பாதிக்கு மேல ஒண்ணாச் சேந்திருக்குது.

இந்த சயனைடு என்ன பண்ணும்னா, ரத்தத்துல காத்து (ஆக்சிஜன்) இருக்கும், ஒடம்பால அத எடுத்துக்க முடியாது. அதனாலதான் மாடு வாயத் தெறந்துட்டு மூச்சுக்குத் தவிக்கும், தள்ளாடும், விழுந்து காலு உதறும், ஆனா கண்ணு ரப்பையப் பிரிச்சுப் பாத்தா செக்கச்செவேல்னு இருக்கும். மூச்சுக்குத் தவிக்கற மாட்டுக்கு கண்ணு நீலம் பாரிச்சிருக்கணுமே, இது ஏன் இப்படிச் செவந்து கெடக்குதுன்னு பாக்கறவங்களுக்கே கொழப்பமா இருக்கும். அதே வாட்டத்துல இன்னொன்னும் வரும், நைட்ரேட் நஞ்சு, அதுல ரத்தம் காப்பிக் கலர்ல இருக்கும். ரெண்டுக்கும் மருந்து வேற, ஒண்ணுக்குப் போடற ஊசி இன்னொண்ணுக்கு எமன், அதனால டாக்டர் வந்தா "சோளம் தின்னுச்சு, ரத்தம் இந்தக் கலரு"ன்னு முதல் வார்த்தையிலயே சொல்லிருங்க. கண்ணாடிவிரியன் கடிச்சிருந்தா கடிவாயில வீக்கம் இருக்கும், பெரிய உருப்படி அத்தன சுருக்கா விழுகாது.

மத்த மாடுக ஏன் தப்பிச்சுதுன்னு கேட்டா, சந்துல மொதல்ல பூந்தது எதுன்னு யோசிச்சுப் பாருங்க. வெறும் வயித்தோட முன்னாடி பூந்து வேகமா மேஞ்சதுதான் மாட்டும். கொஞ்சங்கொஞ்சமா உள்ள போச்சுன்னா ஒடம்பே அத முறிச்சுக்கும். ரெண்டு மணி நேரம் தாண்டி உசுரோட நின்னுச்சுன்னா பெரும்பாலும் பொழச்சுக்கும்.

இனிமே இப்படி ஒண்ணு விழுந்தா உடனே 1962க்கு போன் அடிங்க, பக்கத்து டாக்டரையும் கூப்பிடுங்க. சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ரத்தக்கொழாயில ஏத்தணும், நேரத்துக்கு ஏத்துனா விழுந்த மாடு கண்ணு முன்னாடி எந்திரிச்சு நிக்கறத நான் பாத்திருக்கறேன். தயோசல்பேட்டுங்கறது வேற ஒண்ணுமில்லீங்க, பழைய ஸ்டுடியோக்கள்ல போட்டோ கழுவ வச்சிருந்த ஹைப்போ உப்புதான். மூச்சு முட்டிக் கெடக்கற மாட்டோட வாயில நல்லெண்ணெய், மோர்னு மூங்கக்கொழாய உட்டு ஊத்தறத மட்டும் பண்ணீராதீங்க, அது நுரையீரலுக்குப் போயி அதுலயே செத்துரும். மீதி மாடுகள பதறாம அக்கட்ட ஓட்டுங்க, வெரட்டி ஓடவிட்டா காத்து இன்னும் பத்தாமப் போயிரும்.

இப்ப சோளத்துக்கு வருவோம். பூ எடுக்கறவரைக்கும் அந்தப் பக்கமே மாடு போகக்கூடாது. கோ எஃப்எஸ் 29 மாதிரி மறுதாம்பு ரகம்னா வெதச்சு 65 நாள்ல மொத அறுப்பு, அப்பறம் 50 நாளைக்கு ஒருக்கான்னு சொல்லுவாங்க, ஆனா அது தண்ணி பாஞ்ச பயிருக்கான கணக்கு, வாடுன பயிருக்கு நாள் கணக்கப் பாக்காம பூவப் பாருங்க. இதுலயும் ஒரு சூது இருக்குது, தாய்த்தட்டு பூத்து நிக்கும், அடித்தூர்ல புதுசா நாலு துளுரு கெளம்பியிருக்கும், மாடு தேடிப்போயி அதத்தான் மொதல்ல கடிக்கும். அதனால மேய உடாதீங்க, அறுத்து வெயில்ல நல்லா சலசலன்னு காய வச்சு தட்டுப்போர் போட்டுருங்க, காயக் காய சயனைடு ஆவியாப் போயிரும். அரைகுறையாக் காஞ்சத கட்டிப் போட்டா போகாது. ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) போட்டாலும் ஒரு மாசத்துல கொறஞ்சுரும். நைட்ரேட்டு மட்டும் காய வச்சாலும் போகாது, அது அடித்தண்டுலதான் எச்சு, அதனால ஒரு சாண் உட்டு மேல அறுங்க. பழைய தட்டோட கலந்து, வயிறு கொஞ்சம் ரொம்புன மாட்டுக்குக் கொஞ்சங்கொஞ்சமாப் போட்டுப் பழக்குங்க.

அதுவரைக்கும் கொறங்காடே பாத்துக்கும். கொழுக்கட்டப்புல்லுல இந்தத் தொந்தரவு கெடையாது. அடுத்த போகத்துக்கு வேலியோரத்துல கம்பு வெதச்சுப் பாருங்க, கம்புல சயனைடு பயம் இல்ல. வாடுனா நைட்ரேட்டு அதுலயும் ஏறும்ங்கறத மட்டும் மறந்துராதீங்க.

செத்த மாட்ட கறிக்குக் கேட்டு ஆள் வந்திருப்பாங்க, குடுக்காதீங்க. திடீர்னு செத்த எந்த மாட்டையும் டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி யாரும் அறுக்கக்கூடாது, மூக்குலயோ பின்னாடியோ ஒறையாத கருப்பு ரத்தம் வந்திருந்தா அது அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், அது மனுசனுக்கும் தொத்தும். இன்சூரன்ஸ் போட்டிருந்தா டாக்டர் பிரேத பரிசோதனை பண்ணிச் சர்டிபிகேட் குடுக்கற வரைக்கும் காது வில்லையக் கழட்டாம வையுங்க, அப்பறம் ஆழமாக் குழி தோண்டிப் பொதச்சுருங்க.

அந்தச் சந்துல இன்னிக்குப் பொழுதோட வேலமுள்ள வெட்டி அடைச்சுருங்க, ருசி கண்ட மாடு நாளைக்கும் அங்கதான் போயி நிக்கும்.