பழைய பம்பரிலிருந்து புதிய பம்பர்: கேள்வி பதில்

கழித்துக்கட்டிய கார்களின் பம்பர்களை மீண்டும் கார் பாகங்களாக்குவதே என் முனைவர் பட்ட ஆய்வு. வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இதோ.

செல்வி, ஈரோடு: குளிர்பான பாட்டில்களை உருக்கி பம்பர் செய்யலாமா?

முடியாது. பாட்டில் ‘பெட்’ என்ற பிளாஸ்டிக், பம்பர் பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக். முன்னது உருக 250 டிகிரி வேண்டும், பின்னதற்கு 165 போதும். உருக்கினாலும் இரண்டும் ஒட்டாது. பாட்டில்கள் இழையாகி இருக்கைத் துணியாகவும் தரைவிரிப்பாகவும் காருக்குள் வருகின்றன.

மணிகண்டன், ஓசூர்: அரைத்துத் தண்ணீரில் போட்டால் பாலிப்ரொப்பிலீன் மிதக்குமே, பிரிப்பதில் என்ன சிரமம்?

நல்ல கேள்வி. என் ஆய்வின் பாதி இதில்தான் கிடக்கிறது. தண்ணீரின் அடர்த்தி 1, சுத்தமான பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.9, ஆகவே மிதக்கும். ஆனால் பம்பரில் அடி தாங்க ரப்பரும், விறைப்புக்கு டால்க் தூளும் கலந்திருக்கும். டால்க் 20 சதவீதம் என்றால் அடர்த்தி 1.04 அளவுக்கு ஏறி, மூழ்கிவிடும். காரின் வேறு பாகங்களில் வரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் அடர்த்தியும் ஏறத்தாழ அதுவே. தொட்டியின் அடியில் இரண்டும் கலந்து கிடக்கும், உப்பு சேர்த்தாலும் பிரியாது. ஒளியைப் பாய்ச்சி பிளாஸ்டிக் வகையைக் கண்டறியும் அகச்சிவப்புக் கருவியும் கைவிடுகிறது. கறுப்பு நிறத்துக்காகச் சேர்த்த கரித்தூள் ஒளியை விழுங்கிவிடுவதால், கருவிக்குத் திரும்பி வர எதுவும் இருக்காது.

ஆகவே வண்டியை நொறுக்கும் முன்பே பம்பரைக் கழற்றுங்கள். அதன் உட்புறத்தில் ‘பிபி+இபிடிஎம்-டி20’ என்பதுபோல ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். பாலிப்ரொப்பிலீன், ரப்பர், டால்க் 20 சதவீதம் என்று பொருள். ஆய்வுக்கூடம் மணிக்கணக்கில் தேடும் விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது.

அடுத்த தலைவலி பெயிண்ட். அது உருகாது. செதில்களாக, அரைத்து உருக்கிய பிளாஸ்டிக் குருணைக்குள் தங்கி, மோதும்போது விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

கவிதா, சென்னை: எரித்து, புகையை முகர்ந்து பிளாஸ்டிக் வகையைக் கண்டுபிடிக்கிறார்களே?

தயவுசெய்து வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். பழைய இருக்கைத் துணிகளில் புரோமின் கலந்த தீத்தடுப்பான்கள் இருக்கலாம்.

பாஸ்கர், திருச்சி: பாட்டிலை அரைத்து பம்பரில் சேர்த்தால்?

செல்விக்குச் சொன்ன பதிலே.

அருண், பெங்களூரு: எல்லாவற்றையும் பைரோலிசிஸில், அதாவது காற்றில்லாமல் சூடாக்கி, எண்ணெயாக்கிப் புது பிளாஸ்டிக் செய்யலாம். பிரிப்பது வீண் வேலை.

இதை ஏற்கவே முடியாது. பிவிசி உள்ளே போனால் அமிலம் கருவியை அரிக்கும். அங்கும் பிரித்தாக வேண்டும். எண்ணெயை மறுபடி உடைத்து, மறுபடி கோத்துப் பாலிமராக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்! பம்பரை அரைத்து உருக்கினால் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி பெரும்பாலும் அப்படியே கிடைக்கிறது.

அருண் மீண்டும்: உருக்க உருக்கச் சங்கிலி அறுந்து வலு குறையுமே?

உண்மை. அதைத்தான் அளக்கிறோம். 230 டிகிரியில், 2.16 கிலோ எடையின் கீழ், உருகிய பிளாஸ்டிக் பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று பார்ப்போம். அறுந்த சங்கிலி வேகமாக வழியும். ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் புதிய பிளாஸ்டிக்கும் சேர்த்து ஈடுகட்டுகிறோம். பிரிக்கவே முடியாத எச்சத்துக்கு உங்கள் பைரோலிசிஸ் பொருந்தலாம். முழு பம்பரைக் கொண்டுபோய் அதில் கொட்டுவதை எதிர்க்கிறேன்.

தாமஸ், நாகர்கோவில்: சட்டம் ஏதும் உண்டா?

புதிய கார்களின் பிளாஸ்டிக்கில் 25 சதவீதம் மறுசுழற்சியானதாகவும், அதில் கால் பங்கு பழைய வண்டிகளிலிருந்து வந்ததாகவும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலையில் முன்மொழிந்தது. அந்தக் கால் பங்குதான் கடினம்.

நந்தினி, மதுரை: எங்கே படிக்கலாம்?

சென்னை கிண்டியில் உள்ள, பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசு நிறுவனமான சிப்பெட்டில் விசாரியுங்கள்.

இளங்கோ, சேலம்: பாட்டிலில் டேஷ்போர்டாவது?

மூன்றாவது முறை. முதல் பதிலைப் படியுங்கள்.

ரஹீம், வேலூர்: காயலான் கடை வைத்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

கிளிப், திருகு, விளக்குகளைக் கழற்றிவிடுங்கள். பெயிண்ட் அடித்த பம்பர் ஒரு குவியல், அடிக்காதது இன்னொரு குவியல். பேட்டரிப் பெட்டியும் பாலிப்ரொப்பிலீன்தான், ஆனால் ஈயம் ஒட்டியிருக்கும். நீங்களே உடைக்காமல் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். எழுத்து அழிந்த துண்டுகளைத் தனியாக ஒதுக்குங்கள், எரித்துப் பார்க்காதீர்கள்.