காக்கியைப் பார்த்து நம்பினோம், வழக்கு நிற்குமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் அப்பத்தா மட்டும் இருக்கிறார். போன மாதம் பழைய சாமான் புரோக்கர் ஒருவர், காக்கி உடுப்பும் தோளில் நட்சத்திரமுமாக ஓர் ஆளைக் கூட்டி வந்தார். பழம்பொருளைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது குற்றம் என்று மிரட்டி, இரண்டு வெண்கலக் குத்துவிளக்கையும் 5,000 ரூபாயையும் வாங்கிப் போய்விட்டார்கள். ஆனால் தான் போலீஸ் என்று அந்த ஆள் வாயால் சொல்லவே இல்லை. வழக்கு நிற்குமா?

பதில்: நிற்கும். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. அரசு ஊழியரின் உடுப்பையோ அதைப் போன்ற ஒன்றையோ, பார்ப்பவர் நம்பட்டும் என்று போட்டாலே புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 205-ஆவது பிரிவு பாயும். 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அபராதம் வெறும் 200 ரூபாய். வாடகைக்கு உடுப்பு எடுக்கவே அதைவிட அதிகம் ஆகும். 2024 ஜூலை வரை அதைத்தான் கட்டிக்கொண்டு அழுதோம்.

உங்கள் விஷயத்தில் அந்த ஆள் உடுப்போடு நிற்கவில்லை. அதிகாரி போல நடந்து பொருளையும் எடுத்திருக்கிறார். அது 204-ஆவது பிரிவு: குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு. மோசடிப் பிரிவும் சேரும்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்றும் சொல்லிவிடுகிறேன். "உடுப்பு போட்டால் குற்றமா? திருவிழா நாடகத்தில் பபூன் இன்ஸ்பெக்டர் வேஷம் போடவில்லையா?" என்பார். சரிதான், நாடக மேடையில் குற்றமில்லை. பார்ப்பவர்களுக்கு அது வேஷம் என்று தெரியும், ஏமாற்றும் எண்ணமும் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் தொப்பி வைத்த பிள்ளையும் அப்படித்தான். ஆனால் அதே பபூன் நாடகம் முடிந்து, உடுப்பைக் கழற்றாமல் டீக்கடையில் மாமூல் கேட்டால் அந்த நிமிஷமே கதை மாறிவிடும். உங்கள் வீட்டு முகப்பு மேடையில்லை. அப்பத்தா டிக்கெட் வாங்கி உட்காரவும் இல்லை.

நான் பயப்படுவது காக்கிக்காரரை நினைத்து அல்ல, புரோக்கரை நினைத்துத்தான். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் அத்துப்படி. 1972-ஆம் ஆண்டு பழம்பொருள் சட்டம் உண்மைதான். ஆனால் பதிவு கேட்பது சிற்பம், ஓவியம் போல அரசு அறிவித்த சில வகைகளுக்கு மட்டுமே. எனாமல் தூக்குவரைக்கும் பதிவு வேண்டும் என்று மிரட்டுவது இவர்கள் கட்டிய கதை. இனி அந்தப் புரோக்கரே வந்து, "ஆபீசரிடம் பேசி விளக்கைத் திருப்பித் தருகிறேன், பத்தாயிரம் கொடுங்கள்" என்பார். கொடுத்தால் அதுவும் போச்சு. எதிலும் கையெழுத்தும் வேண்டாம்.

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டு மனு ரசீதை நீட்டி, "விசாரிக்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். என்னிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர் ஒருவர் அந்தத் துண்டுச்சீட்டோடு எட்டு மாதம் நடந்தார். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

அதற்கு முன், விளக்கின் அடியில் வெட்டியிருந்த இனிஷியல் என்ன என்று அப்பத்தாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண ஆல்பத்தையும் எடுங்கள். திருப்பூட்டும் (தாலி கட்டும்) படத்தில் அந்த விளக்கு விழாமல் இருக்காது.