அத்தி வாங்கும் முன்: பழமா, பட்டையா, கன்றா?

கேள்வி: நாங்கள் கீழக்கரை. உம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். தேனில் ஊறிய அத்திப்பழம் ஒரு பாட்டில் வாங்கினோம். 'சர்க்கரையை வேரோடு விரட்டும்' என்று லேபிளில் போட்டிருக்கிறது. காலையில் மூன்று பழமும் ஒரு பெரிய கரண்டி தேனும் சாப்பிட்டு வந்தால் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். உம்மாவும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். செய்யலாமா?

பதில்: மாத்திரையில் கை வைக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உம்மா நோன்பு வைக்கிறவர் என்றால் அந்த நாட்களுக்கு மருந்தின் அளவும் நேரமும் மாறலாம். அதையும் அவரைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் உலர்ந்த அத்தி, அதாவது சீமை அத்தி, 100 கிராமில் ஏறக்குறைய 48 கிராம் சர்க்கரை. பெரிய பழமாக இருந்தால் மூன்று பழம் சுமார் 50 கிராம் வரும். அதோடு ஒரு பெரிய கரண்டி தேன் சேர்ந்தால் காலை வெறும் வயிற்றில் 40 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. சர்க்கரை நோயாளிக்கு இதை மருந்து என்று கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

கடைக்காரர் சொல்வது முழுக் கற்பனையும் இல்லை, அதனால்தான் சிக்கல். அத்தி குடும்பத்தில் ஆய்வுகள் நிறையவே நடந்திருக்கின்றன. ஆலமரமும் அத்தி குடும்பம்தான்; அதன் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரப் பொருட்கள் விலங்குகளில் ரத்தச் சர்க்கரையைக் குறைத்தன. சீமை அத்தி இலைக் கஷாயத்தை இன்சுலின் போடும் 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு ஸ்பெயின் ஆய்வு 1998-ல் வெளியானது. சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை அவர்களுக்குக் குறைந்தது. ஆனால் கவனியுங்கள்: ஒன்று பட்டை, இன்னொன்று இலை. இரண்டுமே தேனில் ஊறிய பழம் இல்லை. அதுவும் பத்துப் பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒரு தொடக்கம்தான். இனிமேல் யாராவது 'அத்தி நல்லது' என்றால், எந்த மரம், அதில் எந்தப் பாகம், யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

பழத்தைப் பழமாகச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை. 100 கிராமில் 10 கிராம் அளவுக்கு நார்ச்சத்து, நல்ல கால்சியம். மலச்சிக்கலுக்கு உதவும். உம்மாவுக்குத் தேன் வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு ஒரு பழம், அதுவும் மற்ற இனிப்பைக் குறைத்துக்கொண்டு. பொட்டாசியமும் அதிகம் என்பதால், சிறுநீரகம் பழுதானவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

அந்த லேபிளைக் கிழித்துவிடாதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று போடக்கூடாது. மருந்தாகவே விற்றாலும், சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாட்டிலை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: பாம்பனில் இருக்கிறேன். வயிற்றுப்போக்குக்கு அத்திப்பட்டைப் பொடி வாங்கினேன். கலப்படமா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? பொடியைக் கொதிக்கவைத்த நீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் கறுக்கும், கறுத்தால் அசல் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: கறுக்கும், உண்மைதான். பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேரும்போது கறுப்பாகும். ஆனால் ஆல், அரசு, கருவேலம் என்று துவர்ப்புள்ள எந்தப் பட்டையும் அப்படித்தான் கறுக்கும். அசல் அத்தி என்பதற்கு அது சாட்சி ஆகாது. பொடியாகிவிட்ட பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே தெரிந்த நாட்டு மருந்துக் கடையில் முழுப் பட்டையாகக் கேட்டு வாங்கி, அங்கேயே இடிக்கச் சொல்லுங்கள். பாக்கெட்டில் வாங்கினால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

அந்த டானின்தான் இந்தப் பட்டையின் வேலையைச் செய்வதும். புரதத்தோடு சேர்ந்து குடல் சவ்வை இறுக்கும். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் ஆல், அரசு, அத்தி, இத்திப் பட்டைகளால் புண் கழுவுவதும் இதே துவர்ப்பை நம்பித்தான். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணி வீட்டில் இருந்தால் ஜாக்கிரதை. ஆணியில் பார்த்த அதே சேர்க்கை வயிற்றிலும் நடந்தால் இரும்பு உடம்பில் ஒட்டாது. ரத்தம் கலந்து போனாலோ, சின்னக் குழந்தை என்றாலோ பட்டைக் கஷாயத்தோடு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: உச்சிப்புளியில் தோட்டம் போடுகிறோம். நர்சரியில் 'சீமை அத்தி' என்று கன்று கொடுத்தார்கள். நாட்டு அத்தியோ என்று சந்தேகம். மணல் நிலத்தில் வருமா?

பதில்: இலையைப் பாருங்கள். சீமை அத்தி இலை விரல் விரித்த மாதிரி பிளவுபட்டு, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். பிளவில்லாமல் நீள்வட்டமாக இருந்தால் நாட்டு அத்தி. அது தண்ணீர் வசதியுள்ள இடத்தில் பெரிய மரமாகி, அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். பில்லில் பெயர் எழுதியிருந்தால் மாற்றித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எழுதாவிட்டால் இன்றைக்கே போய் எழுதி வாங்குங்கள்.

சீமை அத்தி உப்பை ஓரளவு தாங்கும், அது உங்கள் பக்கத்துக்குச் சாதகம். மணல் நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழுதான் பெரிய எதிரி. கன்றின் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கவாத்து செய்வதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். இலையிலும் மரத்தில் வடியும் பாலிலும் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. பால் பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் கிளம்பிக் கறுத்துவிடும். கையுறை போடுங்கள். அந்தப் பாலை மருவுக்குப் பூசும் பழக்கம் உண்டு, குழந்தைகளுக்கு வேண்டாம்.

கேள்வி: துபாயிலிருந்து வந்த அத்திப்பழத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தொண்டியில் கடைக்காரர் சர்க்கரைதான் என்கிறார். நம்பலாமா?

பதில்: இருக்கலாம். வெந்நீரில் ஒரு பழத்தைப் போடுங்கள். அந்த வெள்ளை கரைந்தால் சர்க்கரை. பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டோ, பிட்டுப் பார்த்தால் உள்ளே சாம்பலாக, புளித்த வாடையோடோ இருந்தால் பூஞ்சை. கழுவியோ வேகவைத்தோ சாப்பிட நினைக்காதீர்கள். உலர்ந்த அத்தியில் வரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அது ஈரலைக் கெடுக்கும், வீட்டுச் சூட்டில் அழியாது. கடற்கரை ஈரத்தில் தட்டில் திறந்து குவித்த பழத்தை வாங்காமல், பேக்கிங் தேதி போட்ட சின்ன பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.